பால் தாள்: பெயர்ப் பக்கம் முடிந்தது, ‘கற’ மட்டும் அடங்கவில்லை

ஒரு சொல்லை நடுவில் வைத்து, அதன் உறவுச்சொற்களைச் சுற்றிலும் அட்டைகளாக ஒட்டும் தாளைத்தான் சொல்வலை என்கிறேன். அந்த வரிசையில் ‘பால்’ என்ற சொல்லுக்கான தாளின் பெயர்ச்சொல் பக்கம் ஒருவழியாக முடிந்தது. வினைப் பக்கமும் முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரே ஒரு சொல் எந்தக் கட்டத்திலும் உட்கார மாட்டேன் என்கிறது. ‘கற’ என்கிற அந்த இரண்டெழுத்தைப் பற்றிப் புலம்பத்தான் இதை எழுதுகிறேன்.

நடுவில் தலைச்சொல், சுற்றிலும் உறவுச்சொற்கள் என்ற அடிப்படை பழையதுதான். இந்த முறை பெயருக்கும் வினைக்கும் தனித்தனி அட்டை வைத்தேன், அவ்வளவுதான் மாற்றம்.

பெயர்ப் பக்கம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. பழைய சொற்களைத் தேடினால் பயம், கீரம், துத்தம், அமுது என்று வரிசையாக வருகின்றன. எழுதிப் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஒன்றுகூடப் பாலுக்குச் சொல்லாக இன்று புழக்கத்தில் இல்லை. பயம் என்றால் எல்லாருக்கும் அச்சம்தான். துத்தத்தை ஏழிசைக்காரர்கள் ஒரு சுரத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கீரம் என்றால் கிளி என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் ‘பயம்’ இன்றும் உயிரோடு இருப்பது பாயசத்துக்குள் மட்டும்தான். மற்றபடி பால் என்ற ஒற்றைச் சொல்லே எல்லா வேலையையும் பார்க்கிறது: தாய்ப்பால், சீம்பால், தேங்காய்ப்பால், கள்ளிப்பால், எருக்கம்பால், ரப்பர் பால். மரம் செடி தருவதை எல்லாம் பச்சை மசியில் எழுதினேன். பக்கத்தில் பாதி பச்சையாகிவிட்டது. நெல் பால் பிடிக்கும் பருவமும் அதில்தான் போய் விழுந்தது.

அறத்துப்பால், ஆண்பால், ஐம்பால் என்று வரும் ‘பகுதி’ப் பால் வேறு குடும்பம். அதை உள்ளே விட்டால் தாள் தாங்காது. ஓரத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு வெளியே தள்ளிவிட்டேன்.

ஒரு எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். சொற்களை விரிதாளில் போட்டு அகரவரிசைப்படுத்தினால் பாற்கடலும் பாற்சோறும் முன்னால் போய் நிற்கின்றன, பால்காரர் பின்னால் வருகிறார். நம் நெடுங்கணக்கில் ல முன்னே, ற பின்னே. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு வரிசையில் ர-வை ஒட்டியே ற வந்துவிடுகிறது, ல அதற்கப்புறம்தான். ந-வுக்குப் பக்கத்திலேயே ன உட்கார்ந்திருப்பதும் இதே கூத்துதான். புள்ளி வைத்த எழுத்து அகரத்துக்கு முன்னால் வர வேண்டும், அதுவும் கடைசிக்குப் போகிறது. வெறும் எண் வரிசையை நம்பினால் இதுதான் கதி. ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று இலக்க எண் கொடுத்து, அதற்கென்று தனி நெடுவரிசை போட்டு, அதை வைத்து அடுக்கினால் சரியாகிறது. செய்து வைத்துக்கொண்டால் எல்லாத் தாளுக்கும் உதவும்.

சரி, வினைக்கு வருவோம். ஒரே வட்டத்தில் எல்லா வினையையும் தொங்கவிட்டால் ஒன்றும் விளங்காது. அதனால் யார் செய்கிற வேலை என்று கேட்டு நான்காகப் பிரித்தேன்: கையின் வேலை, மடியின் வேலை, கன்றின் வேலை, பாலின் வேலை. இந்தப் பிரிப்பு எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கன்று முட்டும், ஊட்டும், குடிக்கும், பிறகு பால் மறக்கும். பால் பொங்கும், வழியும், ஏடு கட்டும், உறையும், திரியும். இதில் ‘திரி’க்கு வயதைப் பாருங்கள். பண்பில்லாதவன் பெற்ற செல்வம், பாத்திரத்தின் கேட்டால் நல்ல பால் திரிந்ததைப் போன்றது என்கிறது ஆயிரமாவது குறள். இன்றைக்கும் அடுப்படியில் அதே வினைதான்.

கைக்கும் மடிக்கும் திருப்பாவை ஒன்றே போதும், தனி அகராதி வேண்டாம். ‘கணங்கள் பல கறந்து’ என்று ஓரிடம். ‘சீர்த்த முலை பற்றி வாங்கக் குடம் நிறைக்கும்’ என்று இன்னோரிடம். இந்த வாங்குதல் இழுத்தல். இரண்டும் கையின் வேலை. எருமை கன்றை நினைத்த மாத்திரத்தில் ‘நின்று பால் சோர’ என்றும், ‘மாற்றாதே பால் சொரியும்’ என்றும் வருபவை மடியின் வேலை. கை படாமலே வழிவது சோர்தல், வாரி வழங்குவது சொரிதல். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் இன்னொன்று வைத்திருக்கிறார்: கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் நிலத்தில் உகுகிறது. உகு என்பதில் வீணாகும் வருத்தமும் சேர்ந்திருக்கிறது. அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன்.

கையின் வேலையில் நுணுக்கம் அதிகம். பீச்சு என்றால் தாரையாக அடிக்க வேண்டும். பாத்திரத்தில் சர்சர்ரென்று சத்தம் கேட்க வேண்டும். உருவு என்றால் காம்பை இரு விரலால் மேலிருந்து கீழே வழித்து இழுப்பது, கடைசிச் சொட்டுகளுக்கு. முழுக்கையால் கறப்பது வேறு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை நெருக்கிப் பிடிக்க, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி அழுத்தும். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கறந்தால் காம்பு கெடும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்குத் தனி வினை கிடைக்கவில்லை, ‘விரல் மடக்கி’ என்று அடைமொழியாகவே போட்டேன். பிதுக்கு என்பதைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன். தெலுங்கில் கறப்பதற்கே ‘பிதுகு’ என்றுதான் வினை என்பதால் ஓரத்தில் இடம் கொடுத்தேன்.

‘சுர’ மடியின் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. கன்று முட்டினாலோ மடியைக் கழுவித் தடவினாலோ ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, மடிக்குள் நுண்ணறைகளில் தேங்கியிருக்கும் பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. அதற்கு முன் எவ்வளவு இழுத்தாலும் கைக்குக் கொஞ்சம்தான் வரும். முதலில் சுரக்க வேண்டும், அப்புறம்தான் கறக்க முடியும். இரண்டுக்கும் நடுவே நான் போட்ட கோடு சரியான கோடுதான் என்று திருப்தியாக இருந்தேன்.

அந்தக் கோட்டைத்தான் ‘கற’ அழித்தது. ‘பால்காரர் மாட்டைக் கறந்தார்.’ சரி, கையின் வேலை. ‘பாலைக் கறந்தார்.’ இதுவும் கைதான், செயப்படுபொருள் மட்டும் மாறியது. ‘இந்த மாடு நேரத்துக்கு நாலு லிட்டர் கறக்கும்.’ இங்கே கறப்பது யார்? மாடு! கை எங்கே போயிற்று? இது ஏதோ பேச்சு வழுவல் என்று ஒதுக்கவும் முடியாது. மாடு வாங்க வருகிறவர் ‘எவ்வளவு கறக்கும்?’ என்றுதான் கேட்பார், ‘எவ்வளவு சுரக்கும்?’ என்று கேட்க மாட்டார். கறவை என்ற பெயருக்கும் இதே இரட்டை வேடம். கறக்கப்படுவதால் கறவையா, கறப்பதால் கறவையா? பீச்சு இப்படி ஆடுவதில்லை. ‘மாடு நாலு லிட்டர் பீச்சும்’ என்று சொல்லிப் பாருங்கள், காது ஒப்பாது.

இதோடு விட்டதா? ஆளிடமிருந்து பணம் கறப்பது, வாயிலிருந்து விஷயம் கறப்பது என்று மாட்டையே விட்டு வெளியேறிவிடுகிறது. அங்கும் பீச்சுக்கோ உருவுக்கோ வேலை இல்லை. தட்டிக்கொடுத்து, கொடுப்பவனுக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் அந்தக் கறப்பு. ‘ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற’ என்ற பழமொழி இந்தப் பொருளுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

‘கற’வை இரண்டு அட்டையாக வெட்டி இரு பக்கமும் ஒட்டினேன், சொல் ஒன்றுதானே, பொய்யாகத் தெரிந்தது. நடுக்கோட்டின் மேலேயே வைத்தால் கோடு மறைகிறது. இப்போதைக்குக் கண்ணாடித்தாளில் எழுதி, நான்கு கட்டத்தின் மேலும் படியும்படி ஒரு மூலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டிருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை, ஆனால் பொய் இல்லை.

நிகண்டு, அதாவது செய்யுளில் உள்ள பழைய அகராதி, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தபாலில் வரவழைத்த மறுபதிப்பில் உள் ஓரத்தை நெருக்கித் தைத்திருக்கிறார்கள், வரியின் கடைசிச் சீர் மடிப்புக்குள் போய்விடுகிறது. பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வினை தேடுகிறவர்கள் சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதியில் செயல் பற்றிய ஒன்பதாவதிலிருந்து தொடங்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதியும் அதில் உண்டு.

‘கற’ அடங்காமலே மோர்த் தாளுக்கு அட்டை வெட்டத் தொடங்கிவிட்டேன். உறை, தோய், கடை, சிலுப்பு நான்கும் தயார். அளை என்பது தயிரா மோரா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித்தாள் ஊசிக்கு மாற்று யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள். பசை வேண்டாம், மசி கலைகிறது.