பேருக்குக் கீழே என்ன போடலாம்?

சின்னவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போயிருந்தோம். மாடல் பார்த்து, விலை பேசி, எந்தப் பிள்ளையார் என்று முடிவு பண்ணிய பிறகு அச்சகத்துக்காரர் நாங்கள் எழுதிப்போன தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், உங்க பேருக்குக் கீழே ஒண்ணுமே எழுதலையே, என்ன போடணும்?"

"அலுவலகக் கண்காணிப்பாளர், ஓய்வு" என்றேன்.

"முன்னாள் ஹாக்கி வீரர்னு போடுங்க" என்றாள் என் மனைவி, அதே மூச்சில்.

அவர் பேனாவை எடுக்காமல் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எனக்கே ஆச்சரியம்தான். 34 வருஷக் குடித்தனத்தில் ஹாக்கி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். பெரியவள் கல்யாணத்தின்போது நான் சர்வீஸில் இருந்தேன், பதவியைப் போட்டோம், பேச்சே எழவில்லை. இப்போது வந்திருக்கிறது வம்பு. "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான் வேலூர் சைதாப்பேட்டை. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, அதிகாரம் இல்லாத போலீஸ். (சாமி விஷயம் 1981-லேயே பொய்யாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். போலீஸ் என்பது கோட்டைக்குள் இருக்கும் பயிற்சிப் பள்ளி ஆட்களை. மற்ற இரண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) அந்தப் பட்டியலில் புல் இல்லாத மைதானத்தையும் சேர்த்திருக்கலாம். கோட்டை மைதானத்தில் நாங்கள் ஆடியபோது பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. என் இடது முழங்காலுக்குக் கீழே இன்னமும் ஒரு புடைப்பு இருக்கிறது, பேரன் அதைத் தடவிப் பார்ப்பான்.

1980-இல் எனக்குப் 15 வயது. மாஸ்கோ ஒலிம்பிக் ஃபைனலில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தது. கேப்டன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். எங்கள் தெருவில் அந்த வாரம் விறகுக் கட்டையில்கூட ஹாக்கி ஆடினோம். அதற்கப்புறம் இந்தியாவுக்கு ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வரவேயில்லை. ஆனால் அந்த ஒன்று போதுமாக இருந்தது, எனக்குப் படிப்பு போவதற்கு.

1986-இல் விளையாட்டுக் கோட்டாவில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன், வாரக் கடைசியில் காட்பாடிக்கு ரயில். அந்தக் காலத்து ஹாக்கிக்காரனுக்குத் தொழில்முறை ஆட்டம் என்றால் இதுதான். ரயில்வே, வங்கி, போலீஸ், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) என்று ஆளாளுக்கு ஒரு டீம் வைத்திருப்பார்கள். ஆடுவதற்காக வேலை கொடுப்பார்கள், சம்பளம் குமாஸ்தா சம்பளம். காலையில் கையெழுத்து, மதியத்துக்கு மேல் பிராக்டிஸ் பர்மிஷன், வெளியூர் போனால் ஸ்பெஷல் லீவ். என் மேஜையில் ஒரு கோப்பு கிடையாது. ஆடும் கால்சட்டை வைத்த பைதான் இருக்கும்.

பெண் பார்க்க ஆரணிக்குப் போனபோது மாமனார், பட்டு நெசவுக்காரர், என் பெரியப்பாவைக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல இன்னா வேலைங்க?"

"ஹாக்கி ஆடறாரு."

"அது சாயங்காலம் ஆடறது. பகல்ல இன்னா வேலைன்னு கேக்கறேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

எப்படியோ கல்யாணம் நடந்தது. மே மாதம் வந்தால் நான் கோவில்பட்டியில் இருப்பேன், ஹாக்கிப் போட்டிக்கு. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் கைக்குழந்தையோடு அவள் தனியாக இருப்பாள். திரும்பி வரும்போது ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கி வருவேன். அதை ஈடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொன்னால் இப்போதும் திட்டு விழும்.

அவள் என் ஆட்டத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. 1995-இல், எழும்பூரில், மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். எங்கள் வித்தையே ஆஃப்சைடுதான். பந்து அடிபடும் நொடியில் எதிரணி ஆளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் நம் ஆள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் கோல்கீப்பர். இன்னொருவன் நான். அந்த நொடிக்குச் சற்று முன்னால் நான் இரண்டடி ஏறி வந்துவிட்டால் அவன் ஆஃப்சைடு, தப்பாட்டம். ஓட வேண்டாம், விழ வேண்டாம். கையைத் தூக்கி அம்பயரைப் பார்த்தால் போதும். அன்றைக்கு ஆறேழு தடவை தூக்கியிருப்பேன், அருமையாக ஆடினேன் என்றுதான் நினைப்பு. ரயிலில் வரும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, உடம்புக்கு முடியலையா? அடிக்கடி கையைத் தூக்கி வெளியே போகப் பர்மிஷன் கேட்டீங்களே, அந்த ஆளு விடவே இல்லையே?"

அடுத்த வருஷமே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். முதலில் சோதனை என்றார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. நான் பத்து வருஷம் கற்றுக்கொண்ட ஒன்றை ஒரு சுற்றறிக்கையில் காலி பண்ணினார்கள். போதாக்குறைக்குச் செயற்கைப் புல்தரை. மண்தரையில் பந்தை நிறுத்தி, மூச்சு விட்டு, யோசித்து அடிக்கலாம். தண்ணீர் அடித்த தரையில் பந்து எகிறாது, வழுக்கிக்கொண்டு வரும். யோசித்து முடிப்பதற்குள் கோல். இருபது வயதுப் பையன்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் வழக்கம்போல் கையைத் தூக்கிவிட்டு, பிறகு இறக்கிக்கொள்வேன்.

1998-இல் வலது முழங்கால் போனது. லிகமென்ட். அறுவை சிகிச்சை முடிந்து வேலூர் வீட்டில் கிடந்தேன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம், சின்னவள் வயிற்றில். இரண்டு பேராலும் தரையில் உட்கார முடியாது, வீட்டில் இருந்தது ஒரே முக்காலி. யார் முதலில் எழுந்திருப்பது என்று சண்டை போட்டதை இன்றைக்கும் பெரியவள் நடித்துக் காட்டுவாள், அவளுக்கு அப்போது மூன்று வயது, நினைவிருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம்தான் என் உண்மையான வேலை ஆரம்பித்தது. வேலூருக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். 33 வயதில், 12 வருஷ சர்வீஸ் வைத்துக்கொண்டு, ஒரு சம்பளப் பட்டியல் போடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் மாதம் நான் போட்ட பட்டியலைப் பக்கத்து மேஜைப் பையன் சிவப்பு மையில் திருத்தி, யாருக்கும் தெரியாமல் என் டிராயரில் வைத்துவிட்டுப் போனான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் உதவியாளர், அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைகள் தூங்கின பிறகு அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, பிடித்தம், இன்க்ரிமென்ட் தேதி. அரிசி புடைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் முறம் ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். எந்தக் கோச்சுக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. துறைத் தேர்வு இரண்டு தடவை போனது, மூன்றாவதில் பாஸ்.

அதனால்தான் கண்காணிப்பாளர் என்றேன். ஹாக்கி தானாக வந்தது. இது அடுப்படியில் முட்டி வலியோடு வாங்கினது. என் மட்டையைக்கூட நான் பொத்தி வைக்கவில்லை. அதை மூங்கில் கழியில் கட்டி அவள்தான் முருங்கைக்காய் பறிக்கிறாள், வளைந்த முனைக்கு அதைவிட நல்ல தொரட்டி கிடைக்காது.

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கண்காணிப்பாளர் ஊர்ல நூறு பேர் இருப்பாங்க. உங்க வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேட்டவங்ககிட்டல்லாம் ஹாக்கின்னு சொல்லிச் சொல்லி நான் வெட்கப்பட்டிருக்கேன். அந்த வெட்கத்துக்காவது ஒரு வரி போடுங்க" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் எனக்குத் தெரியாமல் அச்சகத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். நேற்று ராத்திரி வாட்ஸப்பில் புரூஃப் வந்தது. என் பேருக்குக் கீழே, தங்க நிற எழுத்தில்: முன்னாள் காக்கி வீரர்.

அதிகாரம் இல்லாத போலீஸ் என்று வீடே சிரித்தது. சின்னவள் அதை மாப்பிள்ளைக்கு அனுப்பியும் விட்டாள்.

காலையில் போன் பண்ணி ஹாக்கி என்று திருத்தச் சொன்னேன். கூடவே கண்காணிப்பாளர் வரியும் இருக்கட்டும் என்றேன். இரண்டு வரி போட்டால் சம்பந்தி பக்கம் மொட்டையாகத் தெரியும் சார், நேரில் வந்து பாருங்கள் என்கிறார். நாளைக்குப் போக வேண்டும். அவளும் வருகிறாளாம்.