பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் என் பிரஷர் வாஷரில் தண்ணீர் ஒரே சீராகச் சீறாமல் விட்டு விட்டு, துடித்துத் துடித்து வந்தது. ஹோஸைப் பிடித்தால் கைக்குள்ளேயே அந்த உதறல் தெரிகிறது. பம்ப் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பம்பைத் தொடும் முன் பார்க்க வேண்டியது வெளியிலேயே இருக்கிறது.

முதலில் குழாய். மெஷின் நிமிடத்துக்கு 6 லிட்டர் இழுக்கும் என்றால், 10 லிட்டர் பக்கெட் 100 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஹோஸ் மாட்டும் இடத்து ரப்பர் வாஷர், அது தளர்ந்தால் காற்றை இழுக்கும். நாசில் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டேன், உள்ளே தண்ணீர் போகும் வாயில் இருக்கிற வலை ஃபில்டரையும் அலசி மாட்டினேன். துடிப்பு நிற்கவில்லை.

சரி, கழற்றத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, கைப்பிடியில் இருக்கும் ட்ரிகரை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் பிரஷரை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுக்க வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். என் பம்பில் மூன்று பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு, மொத்தம் ஆறு. கழற்றியதை எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் அடுக்கினேன். விரல் நகம் அளவுதான் ஒவ்வொரு வால்வும், உள்ளே சின்ன ஸ்பிரிங். மரக்குச்சியால் அழுத்தினால் இறங்கி, விட்டதும் டக்கென்று ஏறி உட்கார வேண்டும். ஐந்து உட்கார்ந்தன. ஆறாவது பாதியில் நின்றது, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் ஒரு மணல்.

ஒரு வால்வு மூடாவிட்டால் அந்த பிஸ்டன் தள்ளும் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும். மூன்று தள்ளலில் ஒன்று வீண், துடிப்பு அதனால்தான். தண்ணீரில் அலசி எடுங்கள், கத்தி முனையால் சுரண்டாதீர்கள். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலே ஒழுகும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸ் தடவினேன். வண்டிக்குப் போடும் கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

பம்ப் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் சீலைத் தாண்டித் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். ஒன்று தேய்ந்தாலும் மூன்று பிஸ்டனுக்கும் சேர்த்தே சீல் மாற்றுவது நல்லது, மறுபடி மறுபடி யார் கழற்றுவது?

பம்பை உண்மையில் கொல்வது ட்ரிகரை விட்டுவிட்டு மெஷினை ஓடவிடுவது. தானாக நிற்கும் மெஷின் என்றால் பரவாயில்லை. மற்றதில் அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகி சீலைத் தின்றுவிடும், நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் விடுவதே இல்லை. தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது அதைவிட மோசம். குழாயைத் திறந்து, ட்ரிகரை அழுத்திப் பிடித்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்ச்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு ஒரு சந்தேகம். ஃபில்டர் இருக்கும்போது மணல் எப்படி உள்ளே போனது? கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அலசியபோது கண்ணில் படாத கிழிசல், வலையின் ஓரத்தில், ஒரு அரிசி நீளத்துக்கு. புது ஃபில்டர் மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன், ஹோஸ் கையில் அசையவே இல்லை.