உலகத்தை உங்கள் லெப்டொப்பிலேயே வைத்திருங்கள்: மெய்நிகர் உலக ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை பெறுபேறு வந்தது. ஆய்வேட்டுக்கு ஏ மைனஸ், மொத்தத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பொகவந்தலாவையில் எங்கள் லயத்து வாசலில் நின்று அம்மாவிடம் சொன்ன பிறகுதான் ஒன்றரை வருடப் பாரம் இறங்கியது. மெய்நிகர் உலகத்தில் (கணினிக்குள் முப்பரிமாணமாகக் கட்டி, ஆட்கள் உள்ளே நடமாடும் இடம்) கற்பித்தல் என்று அடுத்த பேட்ச்சில் மூன்று பேர் தலைப்பு எடுத்திருக்கிறார்களாம். அவர்களுக்காக இப்போதே எழுதிவிடுகிறேன். முன்மொழிவு, அத்தியாய ஒழுங்கு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: நீங்கள் கட்டும் உலகம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நான் முதலில் ஓர் இலவச இணையத் தளத்தில்தான் தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, கட்டினேன். மூன்று மாத வேலை. தளத்தை மூடப்போகிறோம் என்று ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. இது பழைய கதை என்று பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003இல் வந்தது, பல பல்கலைக்கழகங்கள் அங்கே இடம் வாங்கி வகுப்பறை கட்டின. கல்வி நிறுவனங்களுக்கான அரைவிலைச் சலுகையை நிறுத்துவதாக 2010இல் அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் அறிவித்தபோது பலர் கிளம்பிவிட்டார்கள். 2013இல் சலுகை திரும்பி வந்தது, ஆனால் போனவர்களில் பலர் வேறிடத்தில் வேரூன்றியிருந்தார்கள்.

அவர்கள் போன இடங்களில் ஒன்று ஓப்பன்சிமுலேட்டர். இப்படியான உலகத்தை நம் கணினியிலேயே ஓட்டும், 2007இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு லெப்டொப்பில் ஓடவிட்டு, ஒரு ரவுட்டரை வைத்தால் ஆய்வுகூடத்துக் கணினிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். இணையமே தேவையில்லை. மழை இறங்கினால் சிக்னல் போகும் எங்கள் பக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? முழு இடத்தையும் ஓஏஆர் என்ற ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். நான் ஒவ்வோர் இரவும் சேமித்தேன். இரண்டு தடவை மின்வெட்டில் தரவுத்தளம் கெட்டது, இரண்டு தடவையும் பத்து நிமிடத்தில் மீட்டேன்.

இனி, நான் விட்ட பிழை. ஓப்பன்சிமுலேட்டரின் அமைப்புக் கோப்பில் முகவரி 127.0.0.1 என்றுதான் வரும். நான் அதை மாற்றவில்லை. என் லெப்டொப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பரிசோதனை நாளன்று பன்னிரண்டு மாணவர்கள் உட்கார்ந்தார்கள், ஒருவராலும் நுழைய முடியவில்லை. அந்த எண்ணுக்கு 'இந்தக் கணினியே' என்று பொருள். ஒவ்வொரு கணினியும் உலகத்தைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. கண்டுபிடிப்பதற்குள் கொடுத்த நேரம் முடிந்தது. அடுத்த திகதி கிடைக்க மூன்று வாரம். அதனால் முதல் நாளே இன்னொரு கணினியிலிருந்து நுழைந்து பாருங்கள். தயவுசெய்து.

மற்றவை சுருக்கமாக:

- தனியாகக் கட்டுங்கள். குழுவாகச் செய்தால் பேச்சிலேயே பாதி நேரம் போகும். நான் விடியற்காலை நாலு மணிக்குத்தான் கட்டினேன்.
- ஒரு நிலப்பகுதி 256 மீட்டர் சதுரம். அதை நிரப்பப் பார்க்காதீர்கள். ஒரு கட்டடம் போதும்.
- முதல் அரைமணி நேரம் நடக்க, பறக்க, திரும்பப் பழகவே போகும். அந்த நேரத்தை அளவீட்டில் சேர்க்க வேண்டாம்.
- உருவம் (உலகத்துக்குள் நம்மைக் காட்டும் அவதார்) வந்து சேரும்வரை ஆட்கள் மேகமாகத் தெரிவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயப்படுகிறார்கள்.
- உரையாடலை நேரத்துடன் சேமிக்கும் தெரிவை வியூவரில் (உலகத்துக்குள் நுழையப் பயன்படும் மென்பொருள்) போட்டுவிடுங்கள். அதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ஆய்வேட்டில் புனைபெயர் போடுங்கள்.
- யீ, பெய்லன்சன் இருவரும் 2007இல் எழுதிய புரோட்டியஸ் விளைவு கட்டுரையை வாசிக்காமல் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, போகாதீர்கள். நாம் எடுக்கும் உருவம் நம் நடத்தையை மாற்றுகிறது என்பது அது. ஏன் எல்லாருக்கும் ஒரே உருவம் கொடுத்தாய் என்று என்னிடம் கேட்டார்கள்.

வைவாவில் முக்கியமான கேள்வி வேறு. "இதையே ஒரு வீடியோவாகக் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?" மதிப்பெண் அட்டவணை அதற்குப் பதில் சொல்லாது, வீடியோ பார்த்த குழுவுக்கும் உலகத்துக்குள் வந்த குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் சேமித்த உரையாடலைத் திறந்தேன். கொழுந்து வாட்டும் தொட்டியருகே நின்று ஒரு தம்பி எழுதியது: "அக்கா, இவ்ளோ கனமா பரப்புனா காத்து மேல வராது. நடுவுல சூடாகிப் போயிரும்." அவனுடைய அப்பா ஸ்டோரில் இரவு வேலை. தொட்டியை மாற்றும் உரிமையை அவனுக்குக் கொடுத்தேன். கொழுந்தின் உயரத்தை அவனே பாதியாகக் குறைத்தான், பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு ஏன் என்று விளக்கினான். பதினொரு நிமிடம். உலகம் என்னுடைய லெப்டொப்பில் இருந்ததால்தான் அந்த உரிமையை அந்த இடத்திலேயே கொடுக்க முடிந்தது. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பதினொரு நிமிடம்தான்.

ஓஏஆர் கோப்பு என்னிடம் இருக்கிறது, பென் டிரைவோடு வாருங்கள். உருட்டும் இயந்திரம் வெறும் பெட்டியாகத்தான் நிற்கிறது, அதை யாராவது கட்ட வேண்டும். அந்தத் தம்பி திருத்திய தொட்டியை மட்டும் அப்படியே விடுங்கள்.