மாரோவிண்ட் மறுபடியும்

மே 3, 2025

எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் தொடரில் பழைய ஆப்ளிவியனைப் புதுப்பித்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர் போன மாதம் 22ஆம் தேதி முன்னறிவிப்பே இல்லாமல் வந்ததிலிருந்து எல்லோரும் அதில்தான் கிடக்கிறார்கள். நானும் கொஞ்சம் ஆடினேன். அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திசைகாட்டியில், போகவேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும் அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. மூடிவிட்டு அதே தொடரில் 2002இல் வந்த மாரோவிண்டை இன்ஸ்டால் செய்தேன்.

மே 5

ஆட்டம் தொடங்கும் செய்டா நீன் என்ற ஊரில் இறக்கிவிட்டதோடு சரி, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் கிடையாது. பால்மோரா நகரத்துக்குப் போ, சவுத் வால் கார்னர்கிளப் என்ற மதுக்கடையில் கையஸ் கொசாடெஸ் என்ற ஆள் எங்கே என்று விசாரி, அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டினால் வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டே விழுந்து சாகிறான். அவனிடம் மூன்று சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்தால் ஏழு விநாடிக்கு அக்ரோபாடிக்ஸ், அதாவது குதிக்கும் திறன், ஆயிரம் புள்ளி ஏறும், ஒரே எம்பில் எங்கேயோ போய்விடலாம், ஆனால் தரையைத் தொடுவதற்குள் மந்திரம் தீர்ந்திருக்கும், அப்புறம் அவன் கதிதான் நமக்கும். யாரும் எச்சரிப்பதில்லை. இந்தத் தொடரில் எனக்கு இதைவிடப் பிடித்த இடம் இல்லை.

மிதக்கும் மந்திரமும் இதில் உண்டு. ஆப்ளிவியனில் (2006) எடுத்துவிட்டார்கள். அதில் நகரங்கள் தனியாக லோட் ஆகும், மதிலுக்கு மேலே பறந்து பார்த்தால் உள்ளே நிஜமான ஊர் இருக்காது. காரணம் புரிகிறது, கோபம் போகவில்லை.

மே 9

ஆப்ளிவியனுக்கு அடுத்து வந்த ஸ்கைரிமில் இந்தத் தொடரைத் தொடங்கிய நண்பனிடம் புலம்பினேன். மாரோவிண்டில் 27 திறன்கள், ஆப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18. ஈட்டி போச்சு, சொந்தமாக மந்திரம் செய்வது போச்சு, கடைசியில் வலிமை, அறிவு என்ற பண்புகளே போச்சு. "வாள் கண்ணெதிரே உடம்பில் படுது, ஆனா படலைங்குது உன் கேம், அதைப் போய் தூக்கி வைக்கிறியே" என்றான். அது நியாயம்தான். அடி விழுமா என்பதைத் திறனையும் களைப்பையும் பார்த்து மாரோவிண்டே குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும். சோர்ந்துபோன ஆளை வைத்துக்கொண்டு ஒரு எலியோடு மல்லுக்கட்டுவது கொடுமை. அதைத் திருத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மே 14

1996இல் இதே தொடரில் வந்த டேகர்ஃபால் ஆடியவர்களுக்கு என் மாரோவிண்டே ஏமாற்றம்தான். அவர்களுக்கு 35 திறன்கள் இருந்தன, சுவர் ஏறலாம், வரைபடம் ஒரு நாட்டின் அளவுக்கு. அப்புறம் வந்தது ஒரே ஒரு தீவு. அவர்கள் முனகல் என் காதில் விழத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பெரிய நிலத்தில் முக்கால்வாசி கணினி தானாக நிரப்பிய ஒரே மாதிரி ஊர்கள், அதற்காக என்னால் அழ முடியாது.

மே 18

"அம்புக்குறி வேண்டாம்னா ஆஃப் பண்ணிட்டு ஆடு" என்பது எல்லோரும் சொல்லும் பதில். ஸ்கைரிமில் அதைச் செய்து பார்த்தால்தான் வலி தெரியும். வேலை கொடுப்பவன் இடத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வான், எந்தப் பாதை, எந்தப் பாலம், எந்தப் பாறைக்கு இடப்பக்கம் என்று பெரும்பாலும் வாயைத் திறக்க மாட்டான், ஏனென்றால் அம்புக்குறி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அந்த வசனமே எழுதப்பட்டிருக்கிறது. மாரோவிண்டில் வழி சொல்பவர்கள் சில சமயம் தப்பாகவும் சொல்வார்கள். பரவாயில்லை, சொல்வார்கள்.

தொடரின் ஆறாம் பாகத்தை 2018இலேயே அறிவித்துவிட்டார்கள். வரட்டும், கிராஃபிக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அம்புக்குறியை அணைத்துவிட்டு யாரிடமாவது வழி கேட்டுப் பார்க்கப்போகிறேன்.