எடைமேடை அறையிலிருந்து

ஜூன் 9, 2025, மன்னார்குடி

அரிசி ஆலையின் புதிய மென்பொருளுக்கு நான்தான் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். முதலாளி நேராகவே கேட்டார்: "நிரல் எழுதப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை வாங்க மேலாளர் இருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள், தம்பி?"

"எந்தக் கணக்கு எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேருகிறது, எது நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் ஐயா. நிரலைப் பிறகு திருத்தலாம், இதைத் திருத்துவது பெரிய செலவு" என்றேன்.

"மடை எங்கே வைப்பது என்று பார்க்கிறவர்" என்றார். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூன் 12

மேட்டூர் அணை இன்று திறந்தாயிற்று. சென்ற ஆண்டு ஜூலைக் கடைசி வரை காத்திருந்த ஊர் இது; தேநீர்க் கடையில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். எனக்கோ கணக்கு ஓடியது. குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர். நெல் வரத் தொடங்கிவிட்டால் ஆலையில் எவருக்கும் புது மென்பொருள் கற்க நேரம் இருக்காது. எங்கள் அட்டவணையோ 'செப்டம்பர் இறுதி' என்கிறது. ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் தை கழிந்து பார்க்கலாம் என்று எழுதி அனுப்பினேன். மேலாளருக்குக் கோபம்.

ஜூன் 16

நாள் முழுக்க எடைமேடை அறையில். லாரி பாரத்தோடு ஏறுகிறது, நெல்லை இறக்கிவிட்டு வெறுமையாக ஏறுகிறது. எடை போடும் அண்ணன் முதலில் நோட்டில் எழுதுகிறார், பிறகுதான் கணினியில். காரணம் கேட்டேன். "கஜா புயல் அடித்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லை தெரியுமா? இந்த நோட்டுதான் ஆலையை நடத்தியது."

2018 நவம்பரில் நான் சென்னையில் இருந்தேன். சென்ற மாதம் அங்கேயே உட்கார்ந்து நான் வரைந்த வரைபடத்தில், இணையம் இருந்தால்தான் எடைச்சீட்டு வரும். இரவே அதை அழித்தேன். எடை இந்த அறைக் கணினியிலேயே பதிவாகட்டும், இணைப்பு வந்ததும் தலைமைக் கணினிக்குப் போகட்டும். இரண்டு வாசல்களும் ஒரே சீட்டு எண்ணைத் தந்துவிடாமல் இருக்க, வாசலுக்கு ஓர் எழுத்து முன்னால் வரும்.

விலைதான் சிக்கல். முதலாளி நண்பகலில் விலையை மாற்றுவார். இணைப்பில்லாத அறைக்குக் காலை விலைதான் தெரியும். ஆகவே எடையையும் விலையையும் பிரித்தேன். எடை எப்போதும் போடலாம், விலை இணைப்பு இருக்கும்போது மட்டுமே உறுதியாகும். இந்த ஒரு முடிவுக்காகவே இன்றைய வெயில் தகும்.

ஜூன் 20

மூட்டை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை எடை! இங்கே விவசாயி 60 கிலோ கணக்கில் பேசுகிறார். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. வெளியே போகும் அரிசிப் பை 26 கிலோ. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரையோடு விற்கும் 25 கிலோ வரையான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததால் பிறந்த பை அது.

முன்பு ஒரு நிறுவனம் செய்து கொடுத்த மென்பொருளில் 60 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். வித்தியாசத்தைக் கணக்கப்பிள்ளை தனித்தாளில் கையால் போட்டு வந்திருக்கிறார். அந்தத் தாள்கட்டைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது. ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதுமே!

கையிருப்பை இனி கிலோவில் மட்டும் வைப்போம். மூட்டை என்பது வெறும் கட்டு வகை. அதன் எடையும் வரியும் எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு தனி அட்டவணையில் இருக்கும். 'ஆடுதுறை 43', 'ஏடிடீ 43' என்று ஒரே நெல் இரண்டு ரகமாகக் கையிருப்பில் நின்றதையும் இன்றே ஒன்றாக்கினோம்.

ஜூன் 24

பொறியாளர் தம்பிக்கு எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் சின்னச் சின்னச் செயலிகளாக, பிரிக்க ஆசை. நாங்கள் நான்கே பேர். ஒரே செயலி போதும் என்றேன். முடிவையும் காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதினோம். எந்த நிலை வந்தால் மறுபடி யோசிப்பது என்ற பகுதியை அவனே எழுதினான், நன்றாக எழுதினான்.

ஜூன் 30

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு லாரியை ஏற்றினோம். சீட்டு வந்தது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நோட்டிலும் எழுதிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. நோட்டின் வரிசை எண்ணைக் குறிக்கச் சீட்டில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.