ஏழாவது வரிசை

2020 ஆகஸ்ட் 14, வெள்ளி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ-வின் தலைவர் எம்மர்ட் நேற்று சொல்லிவிட்டார். இந்த இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஷிப் கிடையாது. போதுமான கல்லூரிகள் ஆடவில்லையாம். கோச் எங்கள் பெண்கள் கால்பந்து டீமை மைதானத்தில் ஆறடிக்கு ஒருத்தியாக உட்காரவைத்து அதை வாசித்தார். யாரும் அழவில்லை. கோல்கீப்பர் மட்டும் கையுறையின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். கடைசி வரை அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

ஆகஸ்ட் 22, சனி

எல்லாருக்கும் கூடுதலாக ஒரு வருஷம் ஆட அனுமதி. நேற்று முடிவாகிவிட்டது. கோல்கீப்பர் கேட்டது ஒன்றுதான்: அந்த வருஷத்துக்கு ஃபீஸ் யார் கட்டுவது?

அக்டோபர் 22, வியாழன்

அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, கொரோனா நெருங்கிய தொடர்புக்கான கணக்கை நேற்று மாற்றிவிட்டது. இதுவரை தொற்று உள்ளவரிடமிருந்து ஆறடிக்குள் ஒரே தடவையில் 15 நிமிஷம் இருந்தால்தான் தொடர்பு. இனி 24 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் 15 நிமிஷம்தான். தண்ணீர் பாட்டில் நிரப்பும்போது மூன்று, ஷூ கட்டும்போது நான்கு, படியில் நின்று பேசியது ஐந்து என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். யார் கூட்டுவது? டீமின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளும் நான்தான். புது நோட்டு வாங்கினேன்.

நவம்பர் 14, சனி

தீபாவளி. அம்மாவின் பார்சல் ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. முறுக்கு தூளாகிவிட்டது. போர்ன்விட்டா டப்பாவில் காப்பிப்பொடி. மூடியைத் திறந்ததும் கோயமுத்தூர் வீட்டுச் சமையலறை.

2021 ஜனவரி 25, திங்கள்

சீசனை வசந்தத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டார்கள், 26 பேரும். இன்று காலை ஆறு மணிக்கு முதல் பரிசோதனை. வெளியே பனி, உள்ளே ஜிம் கதவு திறந்து கிடக்கிறது, விரல் விறைத்துப்போகிறது. அட்டையைப் பிரித்து மேல் துளையில் ஆறு சொட்டு. மூக்கின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து சுற்று. குச்சியைக் கீழ்த் துளையில் விட்டு மேலே தள்ளி, வலப்பக்கமாக மூன்று தடவை திருப்பி, அட்டையை மூடி ஒட்டவேண்டும். பிறகு 15 நிமிஷம். இங்கேயும் 15 நிமிஷம்!

ஒரு கோடு விழுந்தால் சரி. இரண்டாவது கோடு விழுகிறதா என்று 26 அட்டைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசியோதெரபி படிக்கும்போது முழங்கால் லிகமென்ட்டைத்தான் மனப்பாடம் செய்தேன். இதைச் செய்வேன் என்று நினைக்கவே இல்லை.

காலையில் எழுந்ததும் டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறேன். வாசம் இருக்கிறது. அப்புறம்தான் பல் தேய்க்கிறேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

மைதானத்தில் கோடுகள் மேலிருந்த பனியை மட்டும் வழித்துவிட்டு ஆடினார்கள். 1-1.

பிப்ரவரி 19, வெள்ளி

எதிர் டீமில் யாருக்கோ இரண்டாவது கோடு. நாளைய மேட்ச் இல்லை. இப்படி இது மூன்றாவது. பிள்ளைகள் இப்போதெல்லாம் மேட்சுக்கு முந்தின ராத்திரி பை கட்டுவதே இல்லை. காலையில் என் மெசேஜ் வந்தபிறகுதான் கட்டுகிறார்கள்.

மார்ச் 6, சனி

வெளியூர் மேட்ச், பஸ்ஸில் மூன்று மணி நேரம். சீட் கணக்கு நான் போட்டது. 13 பேர் ஒரு பஸ்ஸில், வரிசைக்கு ஒருத்தி, ஜன்னல் ஓரம் மட்டும், ஒரு வரிசை இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். இதற்காக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

பதினோராவது வரிசையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோல்கீப்பர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். கோல்கீப்பருக்குக் கைதானே எல்லாம். ஏழாவதில் வந்து உட்காரச் சொன்னேன். நோட்டில் பேனாவால் அடித்து அம்புக்குறி போட்டேன். ஆறாவதில் 9-ஆம் நம்பர், அதே பக்கம்.

2-0 ஜெயித்தோம். கடைசிப் பத்து நிமிஷத்தில் அவள் இரண்டு பந்தைப் பாய்ந்து தடுத்தாள். இங்கே கல்லூரி மேட்சில் கடிகாரம் கீழே இறங்கிக்கொண்டே வரும், 45-இலிருந்து பூஜ்யத்துக்கு. அது பூஜ்யத்தைத் தொட்டதும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் நிமிஷம் எண்ணவில்லை. ஒரு நாளாவது எண்ணாமல் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

மார்ச் 8, திங்கள்

9-ஆம் நம்பருக்கு லேசாகத் தலைவலியாம். பேப்பர் கப்பில் ஒரு சிட்டிகை காப்பிப்பொடி போட்டுக் கொடுத்தேன். இது நானாகச் செய்வது, எந்த விதியிலும் இல்லை. மாஸ்க்கை இறக்கி மோந்தாள். மறுபடி மோந்தாள். என்னைப் பார்த்து, கப்பில் எதுவும் போடவில்லையா என்று கேட்டாள்.

அட்டை தேவைப்படவில்லை. இருந்தாலும் பார்த்தேன். ஐந்தாவது நிமிஷத்திலேயே இரண்டாவது கோடு.

மார்ச் 9, செவ்வாய்

நோட்டைக் கொடுத்துவிட்டேன். ஆறாவது வரிசையிலிருந்து ஏழாவது வரிசைக்கு மூன்றடி கூட இருக்காது. இரண்டு பேரும் முழு நேரமும் மாஸ்க் போட்டிருந்தார்கள். தொடர்பு கணக்கில் மாஸ்க்குக்கு விலக்கு இல்லை. கோல்கீப்பருக்குப் பத்து நாள் தனிமை. பதினோராவதிலேயே விட்டிருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. அம்புக்குறியை நான் போடாமல் இருந்திருந்தால்.

சொல்லப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குளிராமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றாள்.

மார்ச் 10

ஏழாவது வரிசை. ஏழாவது வரிசை.

மார்ச் 14, ஞாயிறு

சீனியர்களுக்குப் பூ கொடுத்து அனுப்பிவைக்கும் மேட்ச் இன்றுதான். அவள் பூவை ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். ஹாஸ்டலிலிருந்து லைவில் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். இங்கே அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்துவிடும், திருப்பிப் போட நேரம் தரமாட்டார்கள். கோலில் நின்ற சின்னப் பெண் முதல் வருஷம். பந்து வலைக்குள் போனபிறகும் கையை விரித்தபடியே கிடந்தாள். உடனே எனக்கு மெசேஜ்: "அவளிடம் போ. அது அவள் பந்து இல்லை, டிஃபென்ஸ் விட்டது என்று சொல்."

போய்ச் சொன்னேன்.

மார்ச் 19, வெள்ளி

பிள்ளைகள் எல்லாரும் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் செடோனா பிரின்ஸ் எடுத்தது. கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்கு மண்டபம் நிறைய எடைக் கருவிகள், பெண்களுக்கு ஒரே ஒரு அடுக்கு டம்பெல். என்னை உறுத்தியது இன்னொன்று. அங்கே ஆண்களுக்குத் தினமும் பிசிஆராம், பெண்களுக்கு நான் போடுவது போன்ற அட்டைப் பரிசோதனையாம். ஆறு சொட்டு விட்டுப் பார்க்கும் எனக்குத் தெரியும், அட்டை எதைத் தவறவிடும் என்று.

கோல்கீப்பர் இன்று வெளியே வந்தாள். முதல் பந்தைப் பிடித்ததும் கையுறையை மோந்து பார்த்துச் சிரித்தாள்.

மார்ச் 29, திங்கள்

ஒஹாயோவில் இன்று முதல் 16 வயதானவர்கள் எல்லாருக்கும் ஊசி. நானும் போட்டுக்கொண்டேன். 19 வயதுப் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டு வரிசையாக வெளியே வருகிறார்கள். அப்பாவுக்கு 61. "எலெக்ஷன் முடியட்டும் சாமி, அப்புறம் போட்டுக்கறேன். கூட்டமா கெடக்குது" என்கிறார்.

ஏப்ரல் 6, செவ்வாய்

அப்பா ஓட்டுப் போட்டுவிட்டார். பூத்தில் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையோடு போட்டோ. "பாரு கண்ணு, உன்ற கோல்கீப்பர் மாதிரி."

ஏப்ரல் 11, ஞாயிறு

கடைசி மேட்ச். 0-1. சீசன் முடிந்தது. சாம்பியன்ஷிப்புக்கு இந்த முறை 64 இல்லை, 48 டீம்தான். எங்களுக்கு இடமில்லை.

மேட்சுக்கு அப்புறம் கோல்கீப்பரோடு கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கூடுதல் வருஷத்தை அவள் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஜூனில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டீமுக்கு மொத்தம் 14 ஸ்காலர்ஷிப், அதைத்தான் 26 பேருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கிறார்கள். அவள் பங்கு புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் போதும். வருஷம் கொடுத்தவர்கள் வாடகையையும் கொடுத்திருக்கலாம். நாலு வருஷத்தில் அவள் ஆடவேண்டியிருந்த கடைசி ஐந்து வாரங்களில், ஒன்றரை வாரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, செவ்வாய்

அப்பாவுக்குக் காய்ச்சல். டெல்லியில் ஆக்சிஜனுக்கு வரிசையில் நிற்பதை இங்கே டிவியில் காட்டுகிறார்கள்.

ஏப்ரல் 29, வியாழன்

பாசிட்டிவ். வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா எங்கிருந்தோ ஒரு ஆக்சிமீட்டர் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 30, வெள்ளி

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா போன். "86ன்னு காட்டுதுடி." எனக்குக் கை கால் ஓடவில்லை. வீடியோவில் வரச் சொன்னேன். அப்பா பேசுகிறார், மூச்சு வாங்கவில்லை, உதடு நிறம் மாறவில்லை. மீட்டரைக் காட்டச் சொன்னேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 98. அந்த எண்களைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86. 86 என்பது 98. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நான் விடியும் வரை தூங்கவில்லை.

விரலில் எந்தப் பக்கம் மாட்டவேண்டும் என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அம்புக்குறி போட்டு.

மே 4, செவ்வாய்

இன்று முதல் இந்தியாவிலிருந்து இங்கே வரத் தடை. போனால் திரும்பி வரமுடியாது. படிப்பு இன்னும் ஒரு செமஸ்டர். அப்பா 95. குப்புறப் படுக்கச் சொன்னேன். "வயித்தை அமுக்குது சாமி." சரி, ஒருக்களித்தாவது படுங்கள்.

மே 10, திங்கள்

தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. 93. அம்மாவுக்கும் இருமல். அக்கம்பக்கத்தில் நாலு வீடு. ஆஸ்பத்திரியில் பெட் இல்லை என்று மாமா மூன்று இடத்திலிருந்து போன் செய்தார்.

டப்பாவில் அடியில் ஒரு ஸ்பூன் பொடி. இனி மோந்து பார்க்க மட்டும்.

மே 17, திங்கள்

கோல்கீப்பர் வீட்டு வராந்தாவில் பத்துப் பேர், மாஸ்க் இல்லாமல். வட கரோலைனா கேரியில் இறுதி ஆட்டம். ஃபுளோரிடா ஸ்டேட் முன்னால் இருந்தது, சான்டா கிளாரா சமன் செய்து பெனால்டியில் 4-1 என்று ஜெயித்தது. சான்டா கிளாரா கடைசியாக ஜெயித்தது 2001-இலாம். பெனால்டிக்கு நிற்கும்போது கோல்கீப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று, அன்றைக்குப் பதினோராவது வரிசையில் அவள் நிஜமாகவே உறைந்திருப்பாள், அதை நினைக்காதே என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

இன்று ஐந்து மணி நேரம் போனைப் பார்க்கவில்லை.

மே 18, செவ்வாய்

அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ மட்டும் வந்திருக்கிறது. இருட்டில் எடுத்தது. விரலும் தெரியவில்லை, கட்டிலும் தெரியவில்லை, எண்கள் மட்டும். 98. போனைத் திருப்பிப் பார்த்தேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.