கண்ணாடிச் சாடியில் ஏறும் இரத்தம்: ‘தி நிக்’ முதல் பருவம்

எட்டாம் மாத ஸ்கேனில், என் அக்காவுக்கு நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நாள் குறித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முன்னெச்சரிக்கையாக இரத்தம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் குழந்தையின் அழுகுரல் கதவுக்கு வெளியே நின்றிருந்த எங்களுக்குக் கேட்டுவிட்டது. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னால் யார் யார் மேசையில் கிடந்தார்கள் என்ற எண்ணம் அன்று எனக்கு எழவில்லை. சில ஆண்டுகள் கழித்து ‘தி நிக்’ தொடரின் முதல் பகுதியைப் பார்க்கத் தொடங்கி, சற்று நேரத்திலேயே அதை நிறுத்திவிட்டு எழுந்து சென்று அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். காரணம் எதுவும் சொல்லாமல் பையன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டேன்.

2014 ஆகஸ்ட் 8 அன்று சினிமாக்ஸ் அலைவரிசையில் தொடங்கிய இந்தப் பருவத்தில் 10 பகுதிகள் உள்ளன. பத்தையும் இயக்கியவர் ஸ்டீவன் சோடர்பெர்க். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும்கூட, வேறு பெயர்களில், அவருடையவையே. கதை நடப்பது 1900ஆம் ஆண்டின் நியூயார்க் நகரில், நிக்கர்பாக்கர் என்னும் மருத்துவமனையில். ‘நிக்’ என்பது அந்தப் பெயரின் சுருக்கம். குதிரைகள் இழுக்கும் ஆம்புலன்ஸ் வண்டிகள், புதிதாக இழுக்கப்பட்ட மின்கம்பிகள், புலம்பெயர்ந்தோர் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகள், அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும் காசநோய் ஆகியவற்றுக்கு நடுவே அந்த மருத்துவமனை நிற்கிறது.

முதல் பகுதியில் வரும் அறுவைக் காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டமாக ஏறிச் செல்லும் இருக்கைகளில் கோட்டும் டையும் அணிந்த மருத்துவர்கள் அமர்ந்திருக்க, கீழே வெளிச்சம் விழும் மேசையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கிடத்தப்பட்டிருக்கிறாள். அவளுக்கும் நஞ்சுக்கொடிதான் வழியை மறித்து நிற்கிறது. கருப்பையின் மேற்பகுதி குழந்தை பிறந்தவுடன் இறுகித் தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்து மூடிக்கொள்ளும். தசை குறைந்த கீழ்ப்பகுதிக்கு அந்த வலு இல்லை. நஞ்சுக்கொடி அங்கே ஒட்டியிருந்தால் அதைப் பிரித்த கணத்தில் இரத்தம் நிற்காமல் கொட்டும். வெறுங்கையோடு, முகக்கவசம் இல்லாமல், நொடிகளை எண்ணிக்கொண்டு மருத்துவர்கள் வெட்டுகிறார்கள். கையால் சுழற்றும் உறிஞ்சு கருவியின் வழியே இரத்தம் கண்ணாடிச் சாடியில் ஏறிக்கொண்டே போகிறது. தாயும் பிழைக்கவில்லை, சேயும் பிழைக்கவில்லை. தலைமை அறுவை மருத்துவர் கிறிஸ்டன்சன் தன் அறைக்குச் சென்று, இருக்கையின்மேல் துணியை ஒழுங்காக விரித்து, அதன்மேல் அமர்ந்து தன்னைச் சுட்டுக்கொள்கிறார். பிறர் துடைக்க வேண்டியிருக்குமே என்று கடைசி நேரத்திலும் எண்ணிய அந்தக் கையசைவு, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது.

அவருடைய இடத்துக்கு வருகிறவர் ஜான் தாக்கரி. நடித்திருப்பவர் கிளைவ் ஓவன். இரவில் சைனாடவுனின் அபின் விடுதியில் கிடந்து, காலையில் கால்விரல்களுக்கு இடையே கொக்கெயின் ஏற்றிக்கொண்டு அறுவை அரங்குக்கு வரும் மனிதர். இந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் சாயல் இருக்கிறது. கொக்கெயினைக் கொண்டு நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை 1884-85இல் தன்மீதே சோதித்துப் பார்த்து, அதற்கே அடிமையாகி, பிறகு மார்ஃபினிடம் சிக்கி, அந்த நிலையிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்களை உருவாக்கியவர் அவர். தாக்கரியின் திறமைக்கு அவருடைய போதைதான் ஊற்று என்பதுபோன்ற மயக்கம் நடுப்பகுதிகளில் சில இடங்களில் எட்டிப்பார்க்கிறது என்பதை ஒரு குறையாகவே சொல்வேன். இறுதிப் பகுதி அந்த மயக்கத்தை முற்றிலுமாகக் கலைத்துவிடுகிறது.

ஆனால் இந்தப் பருவத்தின் இதயம் மேல்தளத்து அரங்கில் இல்லை; மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஐரோப்பாவில் பயின்று தேர்ந்த கறுப்பின அறுவை மருத்துவர் அல்ஜர்னன் எட்வர்ட்ஸ் (ஆந்த்ரே ஹாலண்ட்), மருத்துவமனைக்கு நிதி அளிக்கும் குடும்பத்தின் வற்புறுத்தலால் மட்டுமே அங்கே பணியில் சேர்க்கப்படுகிறார். அவரைத் தொடவிட நோயாளிகளும் மறுக்கிறார்கள், உடன் நிற்க மருத்துவர்களும் மறுக்கிறார்கள். மருத்துவமனையின் வாசலில் திருப்பி அனுப்பப்படும் கறுப்பின மக்களுக்காக, யாருக்கும் தெரியாமல் கீழ்த்தளத்தில் அவர் ஓர் இரவு மருத்துவமனையை நடத்துகிறார்; துணி வெளுக்கும் பெண்களையே உதவியாளர்களாகப் பழக்குகிறார்; குடலிறக்கத்தைச் சரிசெய்யத் தானாக ஒரு புதிய முறையையும் கண்டடைகிறார். தாக்கரி அந்த இடத்தைக் கண்டுபிடித்து இழுத்து மூட எண்ணும்போது, அந்த முறையைப் பார்த்ததும் அவருடைய கோபம் மெல்ல ஆர்வமாக மாறுவதை ஓவனின் முகத்தில் பார்க்கலாம். மனிதனை ஏற்க மறுத்த ஒருவர், அவனுடைய அறிவை மட்டும் உடனே ஏற்றுக்கொள்கிறார். அந்தக் காட்சி எனக்கு ஆறுதல் தரவில்லை, கோபத்தையே தந்தது. தர வேண்டியதும் அதுவே.

எட்வர்ட்ஸ் வெறும் கற்பனைப் பாத்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின மருத்துவர் 1891இல் சிகாகோவில் பிராவிடன்ட் மருத்துவமனையை நிறுவி, 1893இல் கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் மார்பைத் திறந்து இதய உறையைத் தைத்து அவரைப் பிழைக்க வைத்தார். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் லூயிஸ் ரைட் என்னும் கறுப்பின மருத்துவர் 1919இல்தான் இடம்பெற முடிந்தது. ஏழாம் பகுதியில் வரும் கலவரத்துக்கும் வரலாற்றில் வேர் உண்டு: 1900 ஆகஸ்ட் மாதம் மன்ஹாட்டனில் ஒரு காவலர் கத்திக்குத்துப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து, கண்ணில்பட்ட கறுப்பின மக்கள் எல்லாரையும் கும்பல் தாக்கியது. அந்தப் பகுதியின் பெரும்பகுதியை மருத்துவமனைக்குள்ளேயே நிறுத்தி, கதவுகளும் தாழ்வாரங்களும் எவருக்கு அரணாகின்றன, எவருக்குப் பொறியாகின்றன என்று காட்டியிருப்பது மிகச் சிறந்த இயக்கம்.

மேலாளர் பாரோவின் கடன் தொல்லைகள் எனக்குச் சற்று நீளமாகத் தோன்றின. டைஃபாய்டைப் பரப்பிய சமையல்காரி மேரி மாலனை அதிகாரிகள் பிடித்தது உண்மையில் 1907இல். அதை ஏழு ஆண்டுகள் முன்னே இழுத்து வைத்திருக்கிறார்கள். கதைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. மாறாக, ஆம்புலன்ஸ் ஓட்டும் முரடன் கிளியரிக்கும், வழியற்ற பெண்களுக்கு இரகசியமாகக் கருக்கலைப்பு செய்து உதவும் கன்னியாஸ்திரி ஹாரியட்டுக்கும் இடையே வளரும் நட்புக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். கிளிஃப் மார்டினெஸின் மின்னிசையை நூறாண்டுக்கு முந்தைய கதைக்குப் பொருந்தாதது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது, அந்த மருத்துவர்கள் தங்கள் காலத்தைப் பழங்காலம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள் என்பதை நினைவூட்டியது. அவர்களுக்கு அதுவே இன்று, அதுவே புதுமையின் உச்சி.

இறுதிப் பகுதியில் தாக்கரி, இரத்தம் குறைந்து வாடும் ஒரு சிறுமிக்குத் தன் உடலிலிருந்தே இரத்தத்தை ஏற்றுகிறார். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்தோடு கலந்தால் சில வேளைகளில் திரிந்து கட்டிப்போகும் என்பதை அதே 1900இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கவனித்திருந்தார். மறு ஆண்டு அவற்றை வகை பிரித்து எழுதினார். 1930இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அந்தச் செய்தி நியூயார்க்கின் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை. போதையிலிருந்து மீட்பதற்காகத் தாக்கரியை வேறொரு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே அவருக்கு அளிக்கப்படும் மருந்துக் குப்பியின்மேல் ஹெராயின் என்று அச்சிட்டிருக்கிறது. 1898 முதல் இருமல் மருந்தாக விற்கப்பட்ட பொருள் அது. கொடுக்கும் செவிலிக்கும் அதில் ஒரு குற்றம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஆறாம் பகுதியில், தாக்கரியும் இளம் மருத்துவர் பெர்ட்டியும் அந்தப் பழைய தோல்விக்கு விடை காண்கிறார்கள். உள்ளே செலுத்தி ஊதிப் பெருக்கும் ஒரு சிறு பலூன், இரத்தம் கசியும் இடத்தை அழுத்திப் பிடிக்கிறது. அதே அரங்கு, அதே இருக்கைகள், அதே கண்ணாடிச் சாடி; இம்முறை சாடி நிரம்பவில்லை, குழந்தை அழுகிறது. கண்டுபிடித்தவர்களின் பெயர்களோடு இறந்துபோன ஆசான் கிறிஸ்டன்சனின் பெயரையும் அந்தச் சிகிச்சை முறைக்குச் சூட்டுகிறார்கள். அதற்கு முன் அந்த மேசையில் கிடந்த பெண்களின் பெயர்களை யாரும் கேட்கவில்லை. தாக்கரியின் வீட்டுக்கு இரவில் வரவழைக்கப்பட்டு, அந்தப் பலூனைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தங்கள் உடலைக் கொடுத்த விலைமாதரின் பெயர்களையும் கேட்கவில்லை.

அக்காவிடம் இந்தத் தொடரைப் பற்றி வெகுநாள் கழித்தே சொன்னேன். ஆறாம் பகுதியை மட்டும் போட்டுக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அவள் முதல் பகுதியைக் கேட்டாள். வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. அந்தக் காட்சி முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தவள், முடிந்ததும், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தார்களா என்று என்னைக் கேட்டாள்.